வேகக் கிளைடரின் மூக்குக்குள் எதை வைப்பது? மூன்று செல், நான்கு செல், கியர், ஆறு செல்

கல்முனையில் இருந்து ஒரு தம்பி, செங்கலடியில் இருந்து ஒரு வாத்தியார். இரண்டு கிழமை இடைவெளியில் இருவரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு மீற்றர் இறக்கை, ஃபைபர் உடல், பறக்கத் தயாரானால் ஒன்றரைக் கிலோ வரும் ரேடியோ கிளைடர் கையில் இருக்கிறது. மோட்டார் எது போடுவது? தம்பியிடம் ஏற்கெனவே இரண்டு 3எஸ் (மூன்று செல்) பற்றரி கிடக்கிறது, அதோடு முடித்துவிடப் பார்க்கிறார். வாத்தியாரின் மகன் லண்டனில் இருந்து விடுமுறைக்கு வருகிறார். என்ன கொண்டுவரச் சொல்வது என்று இவருக்குக் குழப்பம். கிளைடர் இரண்டும் ஒரே மாதிரி என்றாலும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதற்கான காரணம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேகக் கிளைடருக்கு வேகத்தைக் கொடுப்பது மோட்டார் இல்லை, உயரம். 150 மீற்றரில் மோட்டாரை நிறுத்தி, மூக்கைக் கவிழ்த்து, கீழே வந்து வயலுக்கு மேலே கிடையாகப் பாயும்போது வரும் அந்த விசில் சத்தம், மேலே சேர்த்து வைத்த உயரத்தைச் செலவழிக்கும் சத்தம். மலையகத்தில் என்றால் சரிவில் மோதி மேலே எழும் காற்றே அந்த உயரத்தைக் கொடுத்துவிடும். மட்டக்களப்பில் எங்களுக்கு எழுவான்கரையில் கடல், நடுவில் வாவி, படுவான்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டை. ஆகவே மோட்டார்தான் எங்களுக்கு மலை. அது எவ்வளவு விரைவாக மேலே தூக்குகிறது, ஒரு சார்ஜில் எத்தனை தடவை தூக்குகிறது என்பதுதான் கேள்வி.

"அப்படியென்றால் ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) கிளைடரே காணுமே, ஏன் இந்தப் பாடு?" என்று கேட்கலாம். சித்திரை கழிந்து கச்சான் காற்று தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் படுவான்கரைக்கு வந்து பாருங்கள். மலையைத் தாண்டி ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்து சுட்டுக்கொண்டு வரும் காற்று அது. இலேசான ரிஜிபோம் கிளைடர் அதற்கு முன்னால் முகம் கொடுக்க முடியாமல், மூக்கு மேற்கே பார்த்தபடியே வாவிப் பக்கம் பின்னோக்கிப் போகும். எடையும் மெல்லிய இறக்கையும் உள்ளதுதான் காற்றைக் கிழித்துத் திரும்பி வரும். இந்தக் கட்டுரை அந்த வகைக்கு மட்டும்.

## எதை வைத்து நிறுப்பது

ஒரு கிலோவுக்கு எத்தனை வாட். கிலோவுக்கு 150 வாட் இருந்தால் கிளைடர் சாவகாசமாக ஏறும். 250 முதல் 300 என்றால் நல்ல ஏற்றம். 400ஐத் தாண்டினால் செங்குத்துக்குக் கிட்ட. 500க்கு மேலே மூக்கை வானத்துக்கு நேரே நிமிர்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிட்ச் வேகம். புரொப் (முன்விசிறி) ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போகும் என்பது பிட்ச். சுலபமான கணக்கு: நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று என்பதை பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கிடைக்கும். நாம் பேசும் கிளைடர் மணிக்கு 30 கிலோமீற்றரை ஒட்டித்தான் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவதை நிறுத்தும். பிட்ச் வேகம் அதைப்போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் புரொப் காற்றை அடிக்கும், கிளைடர் முன்னேறாது.

மூக்கின் உள்விட்டம். மோட்டாரை வாங்கிய பிறகு எல்லோரும் அளப்பது இது. முதலிலேயே அளந்துவிடுங்கள். 38 அல்லது 40 மில்லிமீற்றர் ஸ்பின்னருக்கு (புரொப்பின் நடுவை மூடும் கூம்பு) செய்த மூக்குக்குள், ஃபைபரின் தடிப்பைக் கழித்தால் மிச்சம் நினைத்ததைவிடக் குறைவு.

பற்றரி எங்கிருந்து வரும். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் கூட நிறை கொடுக்கிறேன். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர், புரொப் எல்லாம் தபாலில் வந்து சேரும். பற்றரி அப்படி இல்லை. 2016 ஏப்ரல் முதல், தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. நாம் பாவிக்கும் லிப்போவும் (லித்தியம் பொலிமர்) அந்தக் குடும்பம்தான். ஆகவே கொழும்பில் யாராவது கப்பலில் இறக்கியதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டாரில் இருக்கும் மச்சானோ லண்டனில் இருக்கும் மகனோ கைப்பையில் கொண்டுவர வேண்டும். கைப்பையில் கொண்டுவரலாம். ஒவ்வொன்றும் 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும், முனைகளை ஒட்டுநாடாவால் மூட வேண்டும், கீழே போகும் பெட்டிக்குள் மட்டும் போடவே கூடாது. எத்தனை கொண்டுவரலாம் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே அட்டவணையில் வரும் பற்றரி எல்லாம் 35 வாட் மணிக்குள் அடங்கிவிடும்.

அதனால் என் ஒழுங்கு தலைகீழ்: முதலில் பற்றரி, பிறகு புரொப், கடைசியில் மோட்டார். மோட்டாரில் தொடங்கியவர்கள், அதற்கேற்ற பற்றரி கிடைக்காமல் கிளைடரைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## நான்கையும் ஒரே பார்வையில்

ஒன்றரை முதல் 1.6 கிலோ வரையான கிளைடருக்கு நான் போட்ட கணக்கு இது. உங்கள் புரொப்பும் பற்றரியும் மாறினால் எண்களும் கொஞ்சம் மாறும். வரிசைக்கிரமம் மாறாது. 2200, 1300 என்பது பற்றரியின் கொள்ளளவு, மில்லிஅம்பியர் மணியில். 11×6 என்பது புரொப்பின் விட்டமும் பிட்ச்சும், அங்குலத்தில். அவுட்ரன்னர், இன்ரன்னர், கேவி என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்.

| அமைப்பு | புரொப் | அம்பியர் | வாட் | பிட்ச் வேகம் (மணிக்கு கி.மீ.) | 150 மீற்றர் ஏற | ஒரு சார்ஜில் ஏற்றங்கள் |
|---|---|---|---|---|---|---|
| 3எஸ் 2200, அவுட்ரன்னர் (கேவி 1050) | 11×6 | 37 | 390 | 80 | 17 வினாடி | 10 |
| 4எஸ் 2200, அவுட்ரன்னர் (கேவி 850) | 11×8 | 48 | 690 | 118 | 10 வினாடி | 13 |
| 4எஸ் 2200, கியர் வைத்த இன்ரன்னர் | 13×11 | 57 | 800 | 125 | 8 வினாடி | 14 |
| 6எஸ் 1300, கியர் வைத்த இன்ரன்னர் | 13×11 | 38 | 800 | 125 | 8 வினாடி | 12 |

ஏற்றங்கள் என்ற கடைசி நிரலைப் பாருங்கள். வாட் இரட்டிப்பாகிறது, ஏற்றங்கள் குறையவில்லை. "பெரிய மோட்டார் பற்றரியைக் குடித்துவிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஒன்றரைக் கிலோவை 150 மீற்றர் தூக்கத் தேவையான சக்தி ஒன்றுதான். பெரிய மோட்டார் அதைச் சீக்கிரம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. சின்னது 17 வினாடி முக்கி முனகிக் கொடுக்கிறது.

## 3எஸ், நேரடி அவுட்ரன்னர்

அவுட்ரன்னர் என்றால் வெளிக்கூடே சுழலும் மோட்டார். கியர் இல்லை, புரொப் நேரே தண்டில். மலிவு, எங்கும் கிடைக்கும். 3எஸ் 2200 பற்றரி 180 கிராம் சொச்சம். சாதாரண சார்ஜரே காணும், மூன்று செல்தான். ட்ரோன், கார், படகு என்று யாரிடமாவது ஒன்று இருக்கும், அவசரத்துக்குக் கடன் வாங்கலாம்.

கிலோவுக்கு 260 வாட். ஏறும், குறை சொல்ல முடியாது. ஆனால் கச்சானில் ஏறும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே போய்ச் சேரும்போது நீங்கள் நின்ற இடத்தில் இருந்து நூறு, நூற்றைம்பது மீற்றர் கிழக்கே போயிருக்கும். காலை எட்டு மணிக்கு, காற்று எழும்ப முன் பறப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை.

இதில் உள்ள பொறி, கூடின கேவி. கேவி என்பது ஒரு வோல்ற்றுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது. கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து, ஆரம்பத்தில் நானும் கேவி 1400 மோட்டார் ஒன்றை வாங்கி, கைவசம் இருந்த 12×6 புரொப்பை மாட்டினேன். கொன்ட்ரோலர் 40 அம்பியர். கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, அறுவடை முடிந்த வட்டையில், வரம்பில் நின்று எறிந்தேன். முதல் நான்கு வினாடி ராக்கெட். ஐந்தாவது வினாடியில் சத்தம் நின்றது. அரிதாளில் வயிறு உரச இறக்கி, மூடியைத் திறந்தால் ரப்பர் எரிந்த நாற்றம். கொன்ட்ரோலரின் சுருக்குறை உருகிப் பற்றரியோடு ஒட்டியிருந்தது. மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மனே, கொக்கு விரட்டுற மிசினா?" என்றார். ஆமென்று தலையாட்டினேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மோட்டாரும் அந்தப் புரொப்பும் சேர்ந்து 80 அம்பியருக்கு மேல் இழுத்திருக்கும். புரொப்பின் விட்டம் ஒரு அங்குலம் கூடினாலே சுமை எகிறும், அது நான்காம் அடுக்கில் ஏறுகிற கணக்கு. இதைக் கண்டுபிடிக்க வாட்மீற்றர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பற்றரிக்கும் கொன்ட்ரோலருக்கும் நடுவில் செருகி, கிளைடரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, முழு விசையில் மூன்று வினாடி ஓட்டிப் பார்த்தால் அம்பியர் தெரிந்துவிடும். எரிந்த கொன்ட்ரோலரின் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை.

## 4எஸ், நேரடி அவுட்ரன்னர்

நான் இப்போது பறப்பது இதில்தான். ஆகவே கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3எஸ்ஸில் இருந்து மாறும்போது கூடுவது ஒரு செல், அறுபது கிராம். கிடைப்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாட். கிலோவுக்கு 430. எறிந்து, மூக்கை 70 பாகை நிமிர்த்தி, பத்து எண்ண முதல் 150 மீற்றர். காற்று தள்ளிக்கொண்டு போவதற்கு நேரமில்லை. பிட்ச் வேகம் 118 என்பதால் எதிர்க்காற்றிலும் புரொப் கடிக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, பி.ஈ.சி. ரிசீவருக்கும், இறக்கை வால் மடிப்புகளை அசைக்கும் சேர்வோக்களுக்கும் ஐந்து வோல்ற் கொடுப்பது கொன்ட்ரோலருக்குள் இருக்கும் இந்தச் சின்னச் சுற்றுதான். மலிவான கொன்ட்ரோலர்களில் இது நேர்கோட்டு வகை, அதாவது மிச்ச வோல்ற்றை எல்லாம் சூடாக்கி வீசும். 3எஸ்ஸில் சமாளிக்கும். 4எஸ்ஸில் ஆறு உலோகப்பல் சேர்வோக்களை அது தாங்காது. மோட்டார் நின்றால் கிளைடர் கிளைடர்தான், இறக்கிவிடலாம். பி.ஈ.சி. நின்றால் அது வெறும் எறிகணை. ஆகவே சுவிச்சிங் வகை பி.ஈ.சி. உள்ள 80 அம்பியர் கொன்ட்ரோலர் எடுங்கள், அல்லது தனி பி.ஈ.சி. ஒன்று போடுங்கள்.

இரண்டாவது, இடம். அவுட்ரன்னரின் கூடு சுழலுவதால் அதற்கும் மூக்கின் சுவருக்கும் இடையில் சுற்றிவர மூன்று மில்லிமீற்றராவது வேண்டும். வயர் மூன்றும் அந்தப் பக்கமாகத்தான் பின்னுக்குப் போகும். ஒரு வயர் தளர்ந்து கூட்டில் உரசினால் காப்பு தேய்ந்து, ஒரு நாள் பட்டென்று முடிந்துவிடும். நான் ஐஸ்கிறீம் குச்சியைப் பிளந்து, வயரை ஃபைபர் சுவரோடு சேர்த்து ஈப்பொக்சியால் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம், ஆனால் இரண்டு வருடமாக அசையவில்லை. மூக்கு 38 மில்லிமீற்றர் என்றால், சொருகு மூக்குக்கென்றே செய்யும் 28 மில்லிமீற்றர் ஒடுங்கிய அவுட்ரன்னர்களைப் பார்க்கலாம். அவை சூடாகும். முன்னால் காற்று நுழைய ஸ்பின்னரில் துளை இருந்தால் மட்டும் போதாது, பின்னால் வெளியேறவும் வழி வேண்டும். வெளியேறும் துளை நுழையும் துளையைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

பற்றரியின் உறையில் எழுதியிருக்கும் 'சி' எண்ணை (கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு அம்பியர் கொடுக்கும் என்பது) நம்பாதீர்கள். 2200இல் 25சி என்றால் 55 அம்பியர் என்று வரும், 48க்குக் காணும் போலத் தோன்றும். காணாது. உறையில் உள்ளதைப் பாதியாக்கித்தான் நான் கணக்குப் போடுகிறேன். 45சி அல்லது அதற்கு மேலே வாங்குங்கள்.

## கியர் வைத்த இன்ரன்னர், 4எஸ்

பணம் ஒரு பிரச்சினை இல்லை என்றால் இதுதான் அழகு. கூடு அசையாது, உள்ளே காந்தம் மட்டும் சுழலும். ஒரு வோல்ற்றுக்கு 2700 சுற்று சுழல்வதை, முன்னால் உள்ள கோள்ப்பல் கியர் 4.4க்கு ஒன்றாகக் குறைத்து, புரொப் தண்டில் 600 சொச்சம் ஆக்குகிறது. சுற்று குறைவு, ஆகவே பெரிய புரொப் போடலாம். பெரிய புரொப் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும், சின்னது கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளும். ஒரே வாட்டுக்கு முன்னதில்தான் இழுவை கூட. துடுப்பு போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாவியில் அகலத் துடுப்பையும் ஒடுங்கிய துடுப்பையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே விளங்கும்.

ஒடுங்கிய மூக்குக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. கூடு சுழலாததால் சுவரோடு ஒட்டி நிற்கலாம், வயரும் மேலாலே போகலாம். சில மூக்குகளுக்கு வேறு வழியே இல்லை என்பதும் உண்மை.

சரி, விலை? மோட்டார் மட்டும் அவுட்ரன்னரின் பல மடங்கு. அதுகூடப் பரவாயில்லை, ஒரு தடவைச் செலவு. அதற்குப் பிறகு வருவதுதான் கணக்கில் வராதது. கியருக்கு கிறீஸ் போட வேண்டும். கொன்ட்ரோலரில் மெதுவாகத் தொடங்கும் அமைப்பு வேண்டும், திடீரென்று முழு விசை கொடுத்தால் பல் உடையும். 13 அங்குலப் புரொப் வரம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த அடி நேரே கியர்ப்பெட்டிக்குள் போகும். நேரடி அவுட்ரன்னரில் தண்டு வளையும், தண்டை மாற்றலாம். இங்கே ஒரு பல் போனால் அந்தக் கியர்ப்பெட்டிக்கு மாற்று இங்கே எங்கும் இல்லை, மறுபடி ஐரோப்பாவுக்கு எழுத வேண்டும். மட்டக்களப்பில் வேகக் கிளைடர் இறங்குவது பெரும்பாலும் வரம்புகளுக்கு நடுவில். ஓடுபாதை போல வெட்டிய புல் உங்களுக்கு இருந்தால் இந்தப் பந்தியை மறந்துவிடலாம்.

## 6எஸ்

ஒரே 800 வாட்டை 14 வோல்ற்றில் கொடுத்தால் 57 அம்பியர், 21 வோல்ற்றில் கொடுத்தால் 38. வயரிலும் கொன்ட்ரோலரிலும் போகும் நட்டம் அம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது பாதிக்கும் கீழே விழும். தாளில் இதுதான் சிறந்தது. போட்டிக்குப் பறப்பவர்கள் கூடின வோல்ற்றுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு? ஆறு செல்லில் ஒன்று ஊதினாலும் முழுப் பொதியும் போயிற்று. சார்ஜருக்கு ஆறு செல்லையும் சமமாக நிரப்பும் பலன்ஸ் வசதி வேண்டும், வயலில் 12 வோல்ற் பற்றரியில் இருந்து சார்ஜ் செய்வதானால் வோல்ற்றை ஏற்றும் வகை சார்ஜர் வேண்டும். இந்த வகைக் கொன்ட்ரோலர் பலவற்றில் பி.ஈ.சி.யே இருக்காது, தனியாகப் போட வேண்டும். செருகும்போது தீப்பொறி பறக்கும், தீப்பொறி தடுக்கும் செருகி எடுங்கள். முக்கியமாக, இந்தப் பற்றரியை யாரிடமும் கடன் வாங்க முடியாது. இரண்டு கிலோவுக்கு மேலே, மூன்று மீற்றர் இறக்கை என்று போகும்போது 6எஸ் தானாக நியாயமாகிவிடும். ஒன்றரைக் கிலோவுக்கு இது பேராசை என்பது என் எண்ணம்.

## லித்தியம் அயன் உருளைகள் பற்றி ஒரு வார்த்தை

21700 உருளைகளைக் கட்டிப் போட்டால் நீண்ட நேரம் பறக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பறக்கலாம். நாலு உருளைப் பொதி 280 கிராமுக்கு ஐம்பது வாட் மணிக்கு மேலே கொடுக்கும். ஆனால் 48 அம்பியர் இழுத்தால் வோல்ற் படுத்துவிடும். மிதக்கும் கிளைடருக்கு நல்லது, வேகக் கிளைடருக்கு இல்லை.

## எதை எடுத்தாலும் தப்பாத சில

*பிரேக்.* மடியும் புரொப் மடிய வேண்டுமானால் மோட்டார் நிற்க வேண்டும். கொன்ட்ரோலர் வரும்போது பிரேக் அணைந்த நிலையில்தான் பெரும்பாலும் வரும். ஒரு தடவை அதை மறந்து பறந்தேன். மோட்டாரை நிறுத்தி மூக்கைக் கவிழ்த்தால் விசில் இல்லை, விர்ர் என்று ஒரு உறுமல். புரொப் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கிறது, பாரசூட் கட்டியது போல கிளைடர் இறங்குகிறது. வேகக் கிளைடருக்குச் செலவழித்த அத்தனை காசும் அந்த ஒரு அமைப்பில் தொங்குகிறது.

*சமநிலை.* புது மோட்டார் பழையதைவிட 50 கிராம் கூட என்று வையுங்கள். அது புவியீர்ப்பு மையத்துக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால். ஈடுகட்ட 240 கிராம் பற்றரியை ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடப் பின்னே தள்ள வேண்டும். அங்கே சேர்வோ இருந்தால்? வாலில் ஈயம் வைப்பது கடைசி வழி. வாங்க முன் பழைய சாமான் ஏதாவது ஒன்றை அதே நிறைக்கு மூக்கில் கட்டிப் பாருங்கள். நான் ஒரு மோட்டாரை முடிவுசெய்தது, மீன் நிறுக்கும் தராசில் நிறுத்த ஒரு பை மண்ணை வைத்துத்தான்.

*வெயில்.* மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியில் லிப்போவை வைத்துக்கொண்டு நடுப்பகலில் தேத்தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். நான் போனேன், இரண்டு பற்றரி தலையணை மாதிரி ஊதியிருந்தன. பறக்காத நாட்களில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ற்றில் வையுங்கள். மார்கழி மழையில் இரண்டு மாதம் பறக்க முடியாதபோது 4.2இல் நிரப்பி வைத்திருந்தால், மாசியில் எடுக்கும்போது பற்றரி கிழடாகியிருக்கும்.

*உப்பு.* கடற்கரையில் இருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வீடு என்றால் மோட்டாரின் பெயாரிங் ஒரு வருடத்தில் கரகரக்கும். ஒரு துளி மெல்லிய எண்ணெய், மாதத்துக்கு ஒரு தடவை. வாவியில் இறங்கிவிட்டால் நல்ல தண்ணீரில் உடனே அலசுங்கள், பற்றரியைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆளில்லா வானூர்திகளுக்கு சிவில் விமான அதிகார சபையின் விதிகள் உண்டு, பறக்க முன் பார்த்துவிடுங்கள். திமிலைதீவுப் பக்கம் விமான நிலையம், அம்பாறையில் உகணைப் பக்கம் விமானப்படை. இரண்டுக்கும் முகாம்களுக்கும் தள்ளியே நில்லுங்கள். வட்டைக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவது மரியாதை, பிறகு கிளைடரைத் தேடி வயலுக்குள் இறங்கவும் அது உதவும்.

## அந்த இருவருக்கும் நான் சொன்னது

கல்முனைத் தம்பிக்கு 3எஸ். அவரிடம் இரண்டு பற்றரி இருக்கிறது, இன்னும் எறிந்து பழகுகிறார், மூக்கு 40 மில்லிமீற்றர். கேவி 1050 சுற்று, 11×6 மடியும் புரொப். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவரைக் கூடச் செலவழிக்க வைத்தேன்: கொன்ட்ரோலரை 40 அம்பியர் வேண்டாம், சுவிச்சிங் பி.ஈ.சி. உள்ள 80 அம்பியரே எடுங்கள் என்றேன். அடுத்த வருடம் 4எஸ்ஸுக்குப் போகும்போது மோட்டாரும் புரொப்பும் பற்றரியும் மட்டும் மாற்றினால் போதும்.

வாத்தியார் இருபது வருடம் பறந்தவர். கை பழகியது, கண்தான் கொஞ்சம் மங்கல். 150 மீற்றருக்கு மேலே கிளைடர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பிடிபடவில்லை என்றார். அவருக்கு வேகமாக ஏறி, கண்ணுக்கு எட்டும் உயரத்தில் விளையாடி, மறுபடி ஏறுவதுதான் வசதி. மூக்கும் 38 தான். கியரைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். "எங்கே இறக்குவீங்க, சேர்?" என்று கேட்டேன். "சின்னவன்ட வயலுக்குள்ளதான்" என்றார். அதோடு கியர் கைவிடப்பட்டது. ஒடுங்கிய 28 மில்லிமீற்றர் அவுட்ரன்னர் ஒன்று, 4எஸ் 2200 மூன்று, வாட்மீற்றர் ஒன்று, புரொப் அலகு மேலதிகமாக இரண்டு சோடி. மகனுக்கு அனுப்பிய பட்டியல் அவ்வளவுதான். அலகு மூன்று சோடியாக இருக்கட்டும் என்று வாத்தியார் தன் கைப்பட மாற்றி எழுதினார், வரம்பைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரியும்.